கூரை வேலைக்கு மூன்று மாதப் புரொபேஷன்: மழையைச் சேர்க்காத கணக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பெங்களூரில் ஷீட்டுக் கூரை போடும் சிறு நிறுவனங்கள் பெரும்பாலும் ஆறேழு பேரை வைத்து ஓடுபவை. மொட்டை மாடியில் ஷெட், பீன்யா, பொம்மசந்திரா தொழிற்பேட்டைகளில் பட்டறைக் கூரை, பழைய கட்டடத்தில் ஒழுகல் அடைப்பு, இவைதான் அவற்றின் பிழைப்பு. ஆள் எடுக்கும்போது எல்லா முதலாளிகளும் சொல்வது ஒரே வாக்கியம்: "மூணு மாசம் புரொபேஷன், அப்புறம் பார்க்கலாம்." இந்த மூன்று மாதம் ஆலைகளிலிருந்து வந்தது. நிலையாணைகள் (ஆலைகளின் வேலை விதிகள்) குறித்த 1946-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த மாதிரி விதிகளில், நிரந்தர இடத்துக்கு எடுக்கப்பட்டு மூன்று மாதம் முடிக்காதவர்தான் தகுதிகாண் பருவத்தினர், அதாவது புரொபேஷனில் இருப்பவர், என்று இருந்தது. கூரைக்கு அடியில் நின்று தினமும் ஒரே இயந்திரத்தைப் பார்க்கிற ஆளுக்கு அந்தக் கணக்கு சரி. கூரைக்கு மேலே நிற்கிற ஆளுக்குச் சரிவராது.

டிசம்பரில் சேர்ந்தவருக்கு மார்ச் தொடக்கத்தில் மூன்று மாதம் முடிகிறது. அதுவரை பெங்களூரில் மழை என்று சொல்ல ஒன்றும் இருக்காது. அவர் போட்ட ஷீட்டு எல்லாம் பளபளவென்று இருக்கும், நிரந்தரமும் ஆகிவிடுவார். ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோ காற்றோடு கோடை மழை அடிக்கும்போதுதான் வாடிக்கையாளரின் போன் வரும். அப்போது அந்தச் சைட்டில் யார் எந்த வரிசையைப் போட்டார் என்று ஒருவருக்கும் நினைவிருக்காது. ஆகஸ்டில் சேர்ந்தவருக்கு இதற்கு நேர் எதிரான அநியாயம் நடக்கிறது. பாதி நாள் மழையில் வேலை நின்றுவிடும், ஈர ஷீட்டில் ஏற முடியாது, மூன்று மாதத்தில் அவர் மேலே நின்றது முப்பது நாள்கூட இருக்காது. 'ஆள் மந்தம்' என்று பெயர் வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

ஆகவே புரொபேஷனை மாதத்தால் மட்டும் அளக்காமல் சைட்டாலும் அளக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. கடிதத்தில் 'மூன்று மாதம், மூன்று சைட், இரண்டில் எது பின்னால் முடிகிறதோ அதுவரை. எப்படியும் ஐந்து மாதத்தைத் தாண்டாது' என்று எழுதிக்கொள்ளலாம். அந்த மூன்றும் மூன்று வகையாக இருக்க வேண்டும். ஒன்று புதுக் கூரை. இன்னொன்று பழைய ஷீட்டைக் கழற்றிப் புதிது மாட்டும் வேலை. மூன்றாவது ஒழுகல் கண்டுபிடிக்கும் வேலை. முதல் இரண்டில் தேறி மூன்றாவதில் விழுகிறவர்களே அதிகம். சொட்டு விழும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்காது. தண்ணீர் ஷீட்டின் அடிப்பக்கம் வழிந்து, பர்லினில் (ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தில்) முட்டி, அங்கிருந்து சொட்டும். சொட்டுக்கு நேர் மேலே சிலிகான் பூசிவிட்டு இறங்குகிறவர் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை என்று அர்த்தம். சொட்டிலிருந்து சரிவின் மேல்பக்கமாகத் தேடிப் போகிறவரை விடாதீர்கள்.

ஐந்து மாதம் என்ற வரம்புக்குக் காரணம் உண்டு. கர்நாடகக் கடைகள் மற்றும் வணிக நிறுவனங்கள் சட்டத்தின் 39-ஆம் பிரிவுப்படி, ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீஸும் (அல்லது அதற்கான சம்பளமும்) இல்லாமல் நிறுத்த முடியாது. பன்னிரண்டு மாதத்தில் 240 நாள் வேலை செய்துவிட்டால் ஆட்குறைப்புக்கான இழப்பீட்டுப் பேச்சும் சேர்ந்துகொள்ளும். 'இன்னும் புரொபேஷன்தான்' என்று வாயால் சொல்லி ஒன்றரை வருடம் இழுக்கிற முதலாளிக்கு அந்தச் சொல் எந்தப் பாதுகாப்பும் தராது. நீட்டிப்பதென்றால் ஒரே ஒரு முறை, முதல் கெடு முடியும் முன்பே, எதற்காக நீட்டிக்கிறோம் என்று எழுத்தில் கொடுத்து நீட்டிக்க வேண்டும். 'ஒழுகல் வேலை இன்னும் பார்க்கவில்லை' என்பது காரணம். 'திருப்தி இல்லை' என்பது காரணம் அல்ல.

இனி, மேலே என்ன பார்ப்பது?

பெங்களூர்க்காரர்களுக்குப் பழக்கமான 30-க்கு 40 அடி அளவையே எடுத்துக்கொள்வோம். 1,200 சதுர அடிக்கு 12 அடி ஷீட்டு சுமார் 32 வேண்டும். நான்கு பர்லின் மேல் உட்காரும் ஒரு ஷீட்டுக்கு ஓரப் பர்லின்களில் நெருக்கமாகவும் நடுவில் ஒன்றுவிட்டு ஒன்றாகவும் போட்டால் 16 ஸ்க்ரூ ஆகும். மொத்தம் 500-க்கு மேல். நூற்றுக்கு ஒன்று தவறினாலும் ஐந்து ஒழுகல். ஒரே ஒரு ஒழுகலுக்கே வாடிக்கையாளர் பாக்கிப் பணத்தை நிறுத்திவிடுவார். எனவே வேகத்தைப் பார்க்கும் முன் வாஷரைப் பார்க்க வேண்டும். செல்ப் டிரில்லிங் ஸ்க்ரூவின் கருப்பு ரப்பர் வாஷர், உலோக மூடியின் விளிம்புவரை லேசாகப் பிதுங்கி நிற்பது சரியான இறுக்கம். பிதுங்கவே இல்லை என்றால் மழை உள்ளே வரும். நசுங்கி வெளியே பரவியிருந்தால் இன்றைக்கு ஒழுகாது, வெயிலில் ரப்பர் வெடித்து ஒன்றிரண்டு வருடத்தில் ஒழுகும். சாய்வாக இறங்கிய ஸ்க்ரூவில் ஒரு பக்கம் நசுங்கி மறுபக்கம் திறந்திருக்கும், இது இரண்டையும்விட மோசம். புது ஆள் கையில் முதல் வாரமே, தட்டித் தட்டி வேகமாக முறுக்கும் இம்பாக்ட் மெஷினைக் கொடுப்பதால்தான் இந்தக் கேடு பாதி வருகிறது. இறுக்கத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்க்ரூ கன்னைக் கொடுத்து, கீழே தரையில் உடைந்த ஷீட்டுத் துண்டும் ஒரு பர்லின் துண்டும் வைத்து இருபது ஸ்க்ரூ அடிக்கச் சொல்லுங்கள். இருபதில் பதினெட்டு சரியாக வரும் நாள்வரை அவர் மேலே ஸ்க்ரூ அடிக்கத் தேவையில்லை. இருபது ஸ்க்ரூவின் விலை ஒரு காப்பிச் செலவு.

இரண்டாவது, வெட்டுதல். கிரைண்டரில் வெட்டினால் தீப்பொறி பட்ட இடமெல்லாம் பெயின்ட்டும் துத்தநாகப் பூச்சும் கருகி, விளிம்பிலிருந்து துரு ஏறும். தகட்டைக் கடித்து வெட்டும் நிப்ளரோ, கத்திரியோ எடுக்கும் பழக்கம் வர வேண்டும். ஸ்க்ரூ துளைக்கும்போது விழும் இரும்புத் தூளைச் சாயங்காலம் துடைத்துத் தள்ளாமல் இறங்கினால், இரண்டு பனி இரவில் புது ஷீட்டில் துருப்புள்ளி வந்துவிடும். கம்பெனி ஷீட்டு சரியில்லை என்று வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார். வேலை முடிந்ததும் சொல்லாமலே துடைப்பத்தை எடுக்கிறாரா என்பதை மட்டும் தனியாகக் குறித்துவையுங்கள். எங்கள் கணிப்பில் வேறு எந்தத் தேர்வையும்விட இது அதிகம் சொல்லும்.

மூன்றாவது, ஷீட்டு போடும் திசையும் மடிப்பும் (ஒரு ஷீட்டு இன்னொன்றின் மேல் ஏறி நிற்கும் பகுதி). தென்மேற்குப் பருவக்காற்று மேற்கிலிருந்து வருவதால் கிழக்குக் கோடியில் தொடங்கி மேற்கு நோக்கிப் போட வேண்டும். அப்போதுதான் பக்க மடிப்பின் வாய் காற்றுக்கு முதுகைக் காட்டும். மேல்கீழ் மடிப்பு, நல்ல சரிவில் 150 மில்லிமீட்டர், சரிவு குறைந்தால் 200-க்கு மேல், நடுவில் தண்ணீரைத் தடுக்கும் பியூட்டைல் ஒட்டு டேப். மொட்டை மாடி ஷெட்டுகளில் பக்கத்து வீட்டுக்காரருக்குப் பயந்து சரிவைக் குறைத்துவிடுகிறார்கள், அங்கேதான் இந்த மடிப்பு கூடுதல் முக்கியம். தண்ணீர்க் கால்வாய்த் தகடு 10 அடிக்கு அரை அங்குலமாவது சாய வேண்டும். இதை ரசமட்டம் வைத்துப் பார்க்கிறாரா, கண்ணால் பார்த்துத் தலையாட்டுகிறாரா என்று கவனித்தால் போதும்.

மழை இல்லாத மாதத்தில் மழைக்குப் பதில் குழாய் இருக்கிறது. கூரை முடிந்ததும் தண்ணீர்ச் சோதனை செய்துவிட்டே சைட்டை ஒப்படைப்பது என்று வைத்துக்கொண்டால் புரொபேஷன் தேர்வும் அதிலேயே முடிந்துவிடும். சரிவின் கீழ்க்கோடியிலிருந்து தொடங்கி மேலே போக வேண்டும். மேலிருந்து அடித்தால் தண்ணீர் எல்லா மடிப்பையும் நனைத்துவிடும், எது ஒழுகியது என்று தெரியாது. ஒரு இடத்தில் 15 நிமிடம், கீழே டார்ச்சோடு ஒருவர். சாதாரணத் தோட்டக் குழாயில் நிமிடத்துக்குப் பத்து லிட்டர் என்று வைத்தால் மூன்று இடத்துக்கு 450 லிட்டர். 2024 மார்ச்சில் தட்டுப்பாடு வந்தபோது குடிநீர் வாரியம், குடிநீரைக் கட்டட வேலைக்குப் பயன்படுத்தத் தடை போட்டு, மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்ததை மறக்க வேண்டாம். 500 லிட்டர் டிரம், ஒரு சின்னப் பம்ப், கால்வாயில் விழும் தண்ணீரை மறுபடி டிரம்முக்கே திருப்பும் பைப்பு இருந்தால் காவிரித் தண்ணீரைத் தொடவே வேண்டாம், போர்வெல் தண்ணீரே சுற்றிச் சுற்றி வரும்.

சோதனையால் பயன் வர, யார் போட்டது என்று தெரிய வேண்டும். ஒவ்வொரு ஷீட்டு வரிசைக்கும் எண் கொடுத்து, பர்லினின் அடிப்பக்கம் மார்க்கர் பேனாவால் தேதியும் போட்டவரின் முதலெழுத்தும் எழுதச் சொல்லுங்கள். மே மாதத்தில் போன் வரும்போது அந்த எழுத்துதான் சாட்சி. பழைய ஆள்களும் சேர்ந்தே எழுத வேண்டும், புதியவரை மட்டும் எழுதச் சொன்னால் அது சந்தேகமாகிவிடும். பெரும்பாலும் பழைய மேஸ்திரியின் வரிசையில்தான் ஒழுகல் இருக்கும், அதுவும் வெளியே வரட்டும்.

மேஸ்திரியைப் பற்றிச் சொல்லாமல் இந்தத் தொழிலில் புரொபேஷனைப் பேச முடியாது. தர்மபுரி, திருவண்ணாமலை, கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து ஆள் கூட்டி வருகிறவர் அவர். புதியவர் அவருக்கு மச்சானாகவோ ஊர்க்காரராகவோ இருப்பார். அவர் சொல்லும் 'நல்ல பையன்' எதையும் அளக்காது. வேற்றூர்ப் பையனைப் பற்றிச் சொல்லும் 'சரிவராது' என்பதும் அப்படித்தான். முதலாளி 15-ஆவது, 45-ஆவது, 75-ஆவது நாளில் தானே ஏணி ஏறிப் பார்த்து, ஒரு நோட்டில் ஐந்தே வரி எழுத வேண்டும். அதைப் புதியவருக்கு அவர் மொழியில் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். கடிதம் கன்னடத்தில் இருக்கலாம், ஆங்கிலத்தில் இருக்கலாம், படித்துக் காட்டுவது தமிழிலோ இந்தியிலோ நடக்க வேண்டும். 45-ஆவது நாளில் சொல்லாத குறையை 85-ஆவது நாளில் காரணம் காட்டக் கூடாது.

இன்னொரு முட்டுக்கட்டை அட்வான்ஸ். சேரும்போதே இருபதாயிரம், முப்பதாயிரம் கொடுத்துவிட்டால் அங்கே புரொபேஷன் இல்லை. ஆள் சரியில்லை என்று தெரிந்த பிறகும், பணம் கழியட்டும் என்று முதலாளி மேலே ஏற்றிக்கொண்டே இருப்பார். வேலை பிடிக்காத பையனும் கடனுக்காக நின்றுகொண்டிருப்பான். கடனைக் காட்டி ஆளைப் பிடித்துவைப்பது 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம்வரை இழுத்துச் செல்லும். புரொபேஷன் முடியும்வரை ஒரு வாரக் கூலிக்கு மேல் அட்வான்ஸ் இல்லை என்று வைப்பது இரு தரப்புக்கும் நல்லது. சம்பளத்தில் எல்லாப் பிடித்தமும் சேர்ந்து பாதியைத் தாண்டக் கூடாது என்பது தனிச் சட்டம். ஆதார் அட்டையை வாங்கிப் பூட்டிவைக்கும் வழக்கத்தை என்னவென்று சொல்வது!

புரொபேஷனில் இருப்பவருக்கு எதைக் குறைக்கலாம் என்று கேட்கிறார்கள். குறைந்தபட்சக் கூலியைக் குறைக்க முடியாது. 'ஒரு வாரம் சும்மா வந்து பார்' என்பதும் முடியாது. பத்துப் பேரும் அதற்கு மேலும் இருந்தால், 21,000 ரூபாய்வரை சம்பளம் வாங்குபவருக்கு ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) முதல் நாளிலிருந்தே உண்டு. 18,000 ரூபாய்ச் சம்பளத்தில் முதலாளி பங்கு 3.25 சதவீதம், அதாவது 585 ரூபாய். தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், 135 ரூபாய். நோய்க்காலப் பலனுக்கு 78 நாள் சந்தா என்ற நிபந்தனை இருக்கிறது, வேலையில் அடிபட்டால் கிடைக்கும் பலனுக்கு அப்படி நிபந்தனை கிடையாது. முதல் நாள் விழுந்தாலும் உண்டு. அதனால்தான் இன்சூரன்ஸ் எண் வருவதற்கு முன் யாரையும் ஏணியில் ஏற்றக் கூடாது. பத்துக்குக் குறைவாக ஆள் வைத்திருப்பவர் தப்பித்தோம் என்று எண்ண வேண்டாம். அங்கே விபத்து இழப்பீடு நேராக முதலாளியின் தலையில் விழும், தப்பு யாருடையது என்று பார்க்காது. அதற்கான பாலிசி எடுக்கும்போது 'பேப்ரிகேஷன்' என்று எழுதிப் பிரீமியத்தைக் குறைப்பவர்கள் இருக்கிறார்கள். உயரத்தில் கூரை வேலை என்று எழுதப்படாத பாலிசி, விழுந்த அன்றைக்குச் சண்டையில்தான் முடியும். புதிய ஆள் சேர்ந்தால் எண்ணிக்கையையும் அன்றே திருத்த வேண்டும்.

பெல்ட் விஷயத்தில் ஒரு தொழில்நுட்பத் தவறு எங்கும் நடக்கிறது. உடல் முழுதும் மாட்டும் பெல்ட்டில் 1.8 மீட்டர் கயிறும், விழும்போது நீண்டு அதிர்ச்சியைத் தாங்கும் பட்டையும் இருக்கும். கயிறு, பட்டை நீளும் நீளம், ஆளின் உயரம், கொஞ்சம் இடைவெளி எல்லாம் கூட்டினால் கொக்கி மாட்டிய இடத்துக்குக் கீழே சுமார் ஆறு மீட்டர் வேண்டும். நான்கு மீட்டர் உயர ஷெட்டில் அந்தப் பெல்ட்டைப் போட்டவர் பெல்ட்டோடு தரையைத் தொடுவார். அங்கே குட்டைக் கயிறோ, சட்டென்று பிடித்துக்கொள்ளும் சுருள் வகையோ வேண்டும். கொக்கியை, கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டகமான டிரஸ்ஸிலோ, இரண்டு டிரஸ்ஸுக்கு இடையே கட்டிய கம்பிக் கயிற்றிலோ மாட்ட வேண்டும், ஷீட்டு ஸ்க்ரூவில் அல்ல. புதியவர் பெல்ட் மாட்டவில்லை என்று எழுதும் முன், மாட்ட இடம் கொடுத்தோமா என்று முதலாளி பார்த்துக்கொள்ளட்டும்.

பீன்யாவின் பழைய ஷெட்டுகளில் இன்னும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு இருக்கிறது. வெயிலில் நொறுங்கிப்போன அதன் மேல் நேராகக் கால் வைத்தால் ஆள் உள்ளே போய்விடுவார். வெளிச்சத்துக்குப் போட்ட பைபர் ஷீட்டும் அப்படியே, தூசி படிந்து மற்ற ஷீட்டுபோலவே தெரியும். இவற்றின் மேல் பலகை போட்டுத்தான் நடக்க வேண்டும். முதல் இரண்டு மாதம் புதியவரை இந்தக் கூரைகளில் ஏற்றவே வேண்டாம். கழற்றும் வேலையை அவர் கீழேயிருந்து கற்கட்டும். சேர்க்கும்போதே வலிப்பு, தலைசுற்றல், ரத்த அழுத்தம் உண்டா என்று மருத்துவரிடம் ஒரு சான்று வாங்கிவிடுங்கள், அதன் செலவு முதலாளியுடையது.

நிறுத்துவதென்று முடிவானால் கடிதம் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம்: இந்தத் தேதியில் தொடங்கிய தகுதிகாண் பருவத்தில் வேலையின் தேவைக்குப் பொருந்தவில்லை, இன்னின்ன தேதியோடு முடிகிறது. கோபத்தில் 'ஸ்க்ரூப் பெட்டி திருடினார்' என்று சேர்த்தால் அது குற்றச்சாட்டாகிவிடும், விசாரணை நடத்தாமல் தண்டித்த கதையாகிவிடும். திருட்டு உண்மை என்றால் விசாரணையை நடத்துங்கள், இரண்டையும் கலக்க வேண்டாம். கணக்கு தீர்க்க இரண்டு வேலை நாள்தான் அவகாசம். 'அடுத்த பில் வந்ததும் வா' என்பதற்கு இடமில்லை.

வைத்துக்கொள்வதென்றால் ஏதாவது மாற வேண்டும். நாள் கூலியில் எவ்வளவு கூடும் என்பது சேரும் நாளிலேயே கடிதத்தில் இருக்கட்டும். சொந்தமாக ஒரு ஸ்க்ரூ கன், சம்பளத்தோடு விடுப்பு என்று எழுத முடிந்ததை எழுதலாம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்குப் போகும் பத்துப் பதினைந்து நாளை எப்படிக் கணக்கிடுவது என்பதையும் அதிலேயே சொல்லிவிட்டால் பிறகு வாக்குவாதம் இருக்காது. மழையால் வேலை நின்ற நாள் தொழிலாளி எடுத்த லீவு அல்ல.

90 நாள் வேலை செய்தவர், தேறினாலும் தேறாவிட்டாலும், ஒரு சான்றுக்கு உரியவர். கட்டடத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்ய, முந்தைய பன்னிரண்டு மாதத்தில் 90 நாள் கட்டட வேலை செய்திருக்க வேண்டும். அந்தச் சான்றைக் கொடுக்காமல் அனுப்பிவிடுவதால், நாலு முதலாளிகளிடம் மும்மூன்று மாதம் வேலை செய்தும் அட்டை இல்லாமல் இருப்பவர்கள் நம் ஆள்களில் நிறைய.

2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்து, நியமனக் கடிதம் கட்டாயம் என்று பேசப்படுகிறது. கர்நாடகக் கடைகள் சட்டத்தில் அது முன்பே இருந்தது, சேர்ந்த 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். ஆறு பேர் வைத்திருக்கும் கூரைக் கடைக்காரரிடம் கடிதம் தயாரிக்க மேலாளரும் இல்லை, வக்கீலும் இல்லை. மாநிலத் தொழிலாளர் துறை, புரொபேஷனுக்கான மாதிரிக் கடிதம் ஒன்றை ஒரே பக்கத்தில் கன்னடத்தில் அச்சிட்டு, பின்பக்கத்தில் தமிழிலும் இந்தியிலும் அதன் பொருளைக் கொடுத்து, எஸ்.ஜே.பி. ரோடு ஹார்டுவேர் கடைகளில் ஸ்க்ரூப் பெட்டியோடு கிடைக்கும்படி செய்தால் உண்மையிலேயே பயன்படும். வரும் மாங்காய் மழைக்கு (கோடை மழைக்கு) முன் அது நடக்கத் தங்கள் நாளிதழ் குரல் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஷீட்டுக் கூரைத் தொழில் செய்வோர் சிலர்,
பீன்யா, பெங்களூரு.